கத்திரியை ஒளித்தவன் படித்த படிப்பு

கையகலக் காகிதம். நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளை நாலாகக் கிழித்ததில் ஒரு கால்வாசி. அதன் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மை ஊறிப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது, எழுத்து மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மெட்ராஸில் ஒரு கல்லூரி. பி.ஏ. உளவியல், முதல் வருஷம், முதல் வாரம். எழுபதுகளின் பிற்பகுதி. தலைக்கு மேல் மின்விசிறி எந்த நிமிஷமும் கழன்று விழுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பில் இருபத்துச் சொச்சம் பேர். பாதிப் பேருக்கு மீதிப் பேரின் பெயர் தெரியாது.

பாடம் நடத்த வந்த மேடம் வேலைக்குப் புதுசு. எங்களைவிட ஐந்தாறு வயது கூட இருந்தால் அதிகம். கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தரம் கீழே விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கென்று எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை அரைமணியில் படித்து முடித்துவிட்டார். மணி அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், "சரி, நீங்க எல்லாரும் ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீங்க? ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க" என்றார்.

அடேயப்பா, என்னென்ன பதில்! "மனித மனம் ஒரு பெருங்கடல், அதன் ஆழத்தைக் காண" என்றான் ஒருவன். "ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு உதவும்" என்றாள் முன்வரிசைப் பெண். என் முறை வந்தது. எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "மனித குலத்துக்குத் தொண்டு செய்ய, மேடம்" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என் காதைத் திருகலாம்போல் இருக்கிறது.

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "காமர்ஸ் கெடைக்கல மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். "இவர் ஒருத்தர்தான் நெஜம் சொன்னார். மத்தவங்க எல்லாரும் இப்ப ஒரு சீட்டுல உண்மைக் காரணத்தை எழுதுங்க. பேர் வேண்டாம்" என்றார்.

அந்தச் சீட்டுதான் இது.

போளூர் வாசகருக்குப் பதில்

இந்தத் தொடரில் போன வாரம் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுப் போளூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "சாம்பாரை விடுங்கள். ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை அந்தக் காலத்தில் உளவியல் எடுத்தது எப்படி? யார் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை ஐயா.

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். வேலைக்கு நேர்முகம் போனபோது ஒரு பொய் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கேட்டதற்கு இன்னொரு பொய். நான் கடைசியில் உத்தியோகம் பார்த்ததோ ஒரு அரசு அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவே. உளவியலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் கேட்டவர்களுக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது.

உண்மையை எழுதலாமா என்று என் தங்கை கஸ்தூரியைப் போனில் கேட்டேன். ஏனென்றால் இது பாதி அவள் கதை. "எழுதேண்ணா, யாரு படிக்கப் போறாங்க" என்றாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சீட்டில் என்ன எழுதினேன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கத்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கரை போடுகிற ஆள்

பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கிறதே, அதை ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. நெய்பவர் உடல் நிறத்து நூல் வைத்த நாடாவை வீசுவார். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு நிறமும் வந்து சேருகிற இடத்தில் இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது ஆள் வரவில்லை என்றால் தறி அன்றைக்கு நிற்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

பத்து வயதில் உட்கார்ந்தேன். காலையில் பள்ளிக்கூடம் போகும்வரை, சாயங்காலம் வந்த பிறகு, சனி ஞாயிறு முழுக்க. நிஜத்தைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. நைனா, அதாவது என் அப்பா, மிதியை அழுத்தும் சத்தம், நாடா ஓடும் சத்தம், சோப்பும் சாயமும் கலந்த பட்டின் வாசனை. நைனா பேசமாட்டார். நான் ஒழுங்காகத் தள்ளினால் தொண்டைக்குள் "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை. தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு முகூர்த்தச் சேலை ஏறியிருந்தது. நைனா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரி பலகைமேல் கிடந்தது. எதிரே பாவு. தறியில் நீளவாக்கில் கட்டிய ஆயிரக்கணக்கான இழைகள், விறைப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தன.

அப்போது வந்தது அந்த நினைப்பு. கத்திரியை எடு. குறுக்கே ஒரே வெட்டாக வெட்டிவிடு.

யாரும் சொல்லவில்லை. காதில் குரல் எதுவும் கேட்கவில்லை. என் நினைப்புதான், என் மண்டைக்குள்ளிருந்துதான் வந்தது. கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டேன்.

பாவு அறுந்தால் என்ன ஆகும் என்று நெசவு வீட்டுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை இழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட வேண்டும். நைனாவுக்கும் அம்மாவுக்கும் கண் போய்விடும். முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட சேலை முகூர்த்தம் முடிந்த பிறகு போய்ச் சேரும். அப்புறம் யார் எங்களுக்குப் பாவு கொடுப்பார்கள்? வீட்டுச் சோறு அந்தப் பாவின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள இன்னும் கிட்டே வந்தது. நான் எவ்வளவு பெரிய கெட்டவனாக இருந்தால் பெற்ற அப்பன் நெய்கிற பாவை வெட்ட நினைப்பேன்! இல்லையென்றால் எனக்குப் புத்தி பிசகிக்கொண்டு வருகிறது. இரண்டில் ஒன்று. தெருக்கோடியில் ஒருவரை "மரை கழண்டது" என்று சொல்லி உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியாக அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒளித்த இடங்கள்

அப்போதுதான் அந்த மகா புத்திசாலித்தனமான வேலையைச் செய்தேன். கத்திரி இருந்தால்தானே வெட்டுவேன்? கத்திரியை ஒளித்துவிட்டேன்.

முதலில் அரிசிப் பானைக்குள் வைத்தேன். அம்மா அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்பட்டது. பூனை தள்ளியிருக்கும் என்றேன். பூனை பானை மூடியைத் திறந்து, கத்திரியைப் போட்டு, மறுபடி மூடியதா என்று அம்மா கேட்கவில்லை, நல்ல வேளை. அடுத்தது ஓட்டுச் சந்து. அப்புறம் கோழிக்கூடை. நைனா தினமும் கத்திரியைத் தேடித் தேடிப் பேஜாராகிப் போனார்.

கடைசியில் வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் என் கை தேடிப் போய்விடுமோ என்ற பயத்தில் புத்தகப் பைக்குள் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் வந்து பையை வைத்தபோது அது நழுவித் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

"இன்னாடா இது?" என்றார் நைனா.

"கத்திரி நைனா."

"கத்திரின்னு எனுக்கும் தெரியும். உன் பைல அதுக்கு இன்னா வேல?"

நைனா குனிந்து கத்திரியை எடுத்தார்.

"தொழில் சாமானை வாசப்படி தாண்டி எடுத்துகினு போயிகிற. வித்துத் துன்னப் பாத்தியா? சொல்லுடா!"

முதுகில் இரண்டு விழுந்தது. அடி எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நைனா அடிக்கும்போது கத்திரி அவர் கையில் இருந்தது. என் கையில் இல்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலை மறுபடி அந்தப் பலகைக்கு எதிரே உட்கார வேண்டுமே! எப்படிச் சொல்வது? பாவை வெட்டத் தோணுது நைனா என்றா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தறி புடிக்கல நைனா. நா இனிமே உக்காரமாட்டேன்."

நைனா என்னை அப்படியே பார்த்தார். அடிக்கும்போதுகூட அந்த மாதிரி முகம் அவருக்கு இல்லை. "பெரிய தொர. தறி புடிக்கலயாம்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

தறி நிற்கக் கூடாது. இரண்டாவது ஆள் வேண்டும். கஸ்தூரி அப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் வகுப்புக்கே முதல். "நாளைலேர்ந்து நீ உக்காரு" என்றார் நைனா. நான் ஆண் பிள்ளை என்பதால் எனக்குப் பள்ளிக்கூட நேரம் போகத்தான் தறி. அவளுக்கு அந்தச் சலுகை இல்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை தறி. இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். "பொம்பளப் புள்ள, வீட்ல வேலை கீதுங்க" என்று சொல்லி அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்றைக்குக் கஸ்தூரி என்னைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு நாலு வருஷம் அவள் என்னோடு சிரித்துப் பேசவில்லை. சாப்பாடு போடுவாள், துணி எடுத்து வைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். என் பயம் என் தங்கையின் படிப்பைத் தின்றுவிட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் சொகுசாகப் படிக்கிறதற்குத் தன்னைத் தறியில் தள்ளிவிட்டான் என்பதுதான்.

படவேட்டில் ஒரு குளியல்

சாமியிடம் முறையிட்டுப் பார்க்காமல் இருப்பேனா? அந்த ஆடியில் குடும்பத்தோடு படவேடு போனோம். ரேணுகாம்பாள் சந்நிதியில் கூட்டம் நெரிந்தது. "தாயே, இந்த நினைப்பை மட்டும் எடுத்துவிடு, உனக்கு மொட்டை போடுகிறேன்" என்று வரிசை முழுக்க வேண்டிக்கொண்டே நகர்ந்தேன்.

அம்மன் எதிரில் வந்து நின்றதும் இன்னொரு நினைப்பு வந்தது. துப்பு.

ஐயோ! கோயிலுக்குள், அம்மன் முன்னால்! வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். பின்னாலேயே அம்மா ஓடி வந்தாள். "புள்ள மேல அம்மன் வந்துடுச்சி!" என்று கத்தினாள். அவ்வளவுதான். முன்பின் தெரியாத பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், கையில் வேப்பிலை, நெற்றி நிறையக் குங்குமம். ஒரு அம்மாள் என் காலில் விழுந்து, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். நான் "ஆவும் ஆவும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வரப் பஸ் கிடைக்கவில்லை. சொட்டச் சொட்ட நனைந்து சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கஸ்தூரி. அம்மா காதில் விழாமல் மெதுவாகச் சொன்னாள்: "தறிக்கு வராம இருக்க இன்னா நடிப்பு நடிக்கிற!"

பைத்தியப் படிப்பு

பி.யூ.சி. வேலூரில் படித்தேன். கண்ணமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தேன். முடித்ததும் மெட்ராஸ் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால் உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நண்பன் ஒருவனோடு அங்கே போனேன். விண்ணப்பத் தாளில் வரிசையாகப் பாடங்கள் போட்டிருந்தன. பொருளாதாரம், வரலாறு, வணிகம், உளவியல்.

"இது இன்னா சார், உளவியல்?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "அது பைத்தியத்தப் பத்திப் படிக்கிறதுப்பா."

அடுத்த நொடி அதற்கு நேராகக் கோடு போட்டுவிட்டேன். அந்தக் கோட்டைப் போடும்போது எனக்கு மனித குலமும் தெரியாது, தொண்டும் தெரியாது. எனக்கு என்ன வியாதி என்று யாரையும் கேட்காமல் நானே தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரிடம் போனால் தெருவுக்குத் தெரிந்துவிடும். தெருவுக்குத் தெரிந்தால் என்னை விடுங்கள், கஸ்தூரியை யார் கட்டிக்கொள்வார்கள்? ஆனால் பைத்தியத்தைப் பற்றிப் படிக்கிற மாணவனைப் பைத்தியம் என்று யார் சந்தேகப்படுவார்கள்? போலீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குள் புகுந்த திருடன் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஊரில் இந்தப் படிப்புக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். "மனசப் படிக்கிற படிப்பாமே" என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு முனுசாமி மாமா என்னை நிறுத்தி, "நா இப்ப இன்னா நெனச்சிகினு கீறேன், சொல்லு பாக்கலாம்" என்றார்.

"ஒரு காபி குடிக்கலாம்னு நெனச்சிகினு கீறீங்க மாமா."

"அடப்பாவி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாமா தினமும் நாலு மணிக்குக் காபிக்கடைக்குப் போகிறவர். அப்போது மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம். அன்றிலிருந்து தெருப் பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், மனசில் இருப்பதைப் படித்துவிடுவேன் என்று. என் மனசைப் படிக்கத்தான் நான் மெட்ராஸ் போனேன் என்பது அந்தப் புண்ணியவதிகளுக்குத் தெரியாது.

டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்த சீட்டுகள்

வகுப்புக்கு வருவோம்.

சீட்டில் கடைசியாக எழுதியே விட்டேன்: "நான் கெட்டவனா, பைத்தியமா என்று தெரிந்துகொள்ள." மடித்து, மறுபடி மடித்து, கடலைப் பருப்பு அளவுக்குச் சுருட்டினேன். முன்வரிசைப் பெண்ணின் டிபன் பாக்ஸ் மூடி சுற்றி வந்தது. அதில் போட்டேன்.

மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். "காமர்ஸ் கிடைக்கவில்லை" என்று மட்டும் நாலு சீட்டு. "ஹிப்னாடிசம் கற்றுக்கொள்ள." "ஒரு பெண் என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் இருக்கிறவனைப் பார்க்கிறாளா என்று கண்டுபிடிக்க." சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

பிறகு சிரிப்பு குறைந்தது. "அம்மா மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. ஏன் என்று தெரிய வேண்டும்." "அப்பா குடித்தால் ஒரு ஆள், குடிக்காவிட்டால் வேறு ஆள். இதில் யார் என் அப்பா?" மனசு கடல் என்று சொன்ன பையன் தலையைக் குனிந்துகொண்டான். எந்தச் சீட்டு அவனுடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் சீட்டு வந்தது. மேடம் படித்தார். நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் என் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"மாடியில் நின்றால் குதி குதி என்று தோன்றுகிறது. எனக்குச் சாக ஆசை இல்லை. எனக்கு என்ன ஆயிற்று?"

மேடம் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இந்த மாதிரி, செய்யவே மாட்டோம், ஆனா செஞ்சிடுவோமோன்னு பயமா ஒரு நெனப்பு... வேற யாருக்காவது வந்திருக்கா?"

அவர் தன் கையைத் தானே தூக்கினார்.

"எங்க அக்கா கொழந்தைய மாடியில வெச்சுத் தூக்கினா, கீழ போட்டுடுவேனோன்னு எனக்குத் தோணும். அதனால நான் மாடிக்குக் கொழந்தைய எடுத்துக்கிட்டுப் போறதே இல்லை."

என் பக்கத்தில் இருந்தவன் பெயர் சம்பத். மூன்று நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்தும் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன். அவன் எழுந்தான். "மேடம், அந்தச் சீட்டு என்னுதுதான்."

"குதிக்கணும்னு ஆசையா இருக்கா?"

"ஐயோ, இல்ல மேடம்! அந்தப் பயத்துல விடுதி மாடிக்கே போறதில்ல. துணிகூட ரூமுக்குள்ளயேதான் காயப் போடறேன்."

"அப்ப நீங்க குதிக்கிற ஆளே இல்ல. குதிச்சிடக் கூடாதுன்னு நெனக்கிற ஆளு. இது எத்தனையோ பேருக்கு வர்றதுதான். புத்தகத்துல இதுக்குன்னு தனியா ஒரு பாடமே இருக்கு, ரெண்டாம் வருஷம் வரும்."

ஒரு கை எழுந்தது. ரயில் வரும்போது பிளாட்பாரத்தில் நிற்கப் பயமாம். இன்னொரு கை. பரீட்சை ஹாலில் கத்திவிடுவேனோ என்று தோன்றுமாம். ஐ.ஏ.எஸ். பெண்ணும் கையைத் தூக்கினாள். அதற்குள் நானும் எழுந்து நின்றிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"மேடம், எங்க வீட்ல தறி... பாவு... கத்திரி..." என்று உளறிக் கொட்டி, எப்படியோ சொல்லி முடித்தேன். அரிசிப் பானையும் வந்தது, கோழிக்கூடையும் வந்தது. பெற்றவர்களிடம் சொல்லாததை முகம் தெரியாத இருபது பேரிடம் சொன்னேன்.

"எத்தனை வருஷமா?" என்றார் மேடம்.

"நாலு வருஷமா மேடம்."

"ஒரு இழையாவது வெட்டினீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன! அந்த ஒரு கேள்வியை நான் என்னை ஒரு தரம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

கடைசி பெஞ்சு காமர்ஸ்காரன் கவலையாக எழுந்தான். "மேடம், எனக்கு இந்த மாதிரி எதுவுமே வரலியே. எனக்கு எதாவது கோளாறா?" மணி அடித்தது காதில் விழாத அளவுக்கு எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. சம்பத்துதான் முதுகைத் தட்டிவிட்டான்.

அன்று மத்தியானம் விடுதியில் மூன்று தரம் சோறு வாங்கினேன். போன வாரம் இந்தத் தொடரில் நான் அவ்வளவு திட்டினேனே அதே சாம்பார்தான். அமிர்தமாக இருந்தது. நாலு வருஷமாக எனக்குச் சோறு வயிற்றில் இறங்கியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு நானும் சம்பத்தும் மாடிக்கு ஏறினோம். அவன் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டு வந்தான். அவன் சட்டை முதல்முறையாக வெயிலில் காய்ந்தது.

ரெண்டாம் வருஷம்வரை பொறுக்கவில்லை. நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். என் கதை அப்படியே இருந்தது, தறி மட்டும்தான் இல்லை. நினைப்பு அதோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். வந்தது. இப்போதும் எப்போதாவது வரும். வந்தால் வந்துவிட்டுப் போகிறது என்று விட்டுவிட்டேன், அதுவும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். நான் படிக்க வந்த படிப்பு முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மீதி மூன்று வருஷம் டிகிரிக்காக.

தெருவில் பாவு

ஆனால் கஸ்தூரி?

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை பனி இன்னும் விலகவில்லை. தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கழி நட்டு, தெரு நீளத்துக்குப் பட்டு இழைகள், ஓரத்தில் கரைக்கான ஜரிகை. நைனாவும் மற்றவர்களும் அந்தக் கோடியில் பாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில் கஸ்தூரி தனியாக நின்று அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தாள். பதினாறு வயது. விரல் ஓடுகிற வேகம் நைனாவுக்கே வராது. கையில் கத்திரி.

நான் கிட்டே போனேன்.

"அங்கயே நில்லுண்ணா. உனுக்குத்தான் இதெல்லாம் புடிக்காதே" என்றாள், தலை நிமிராமல்.

"கஸ்தூரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். முதல் சனிக்கிழமையிலிருந்து கல்லூரிச் சீட்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். படவேட்டில் என்ன நினைப்பு வந்தது என்பதையும் சொன்னேன். அவள் பாட்டுக்கு முடிந்துகொண்டே போனாள். நானும் பாவோடு கூடவே நகர்ந்துகொண்டே சொன்னேன். நம்புவாளா, மறுபடி நடிப்பு என்பாளா என்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கை நின்றது.

"நீ பாவ வெட்டிடுவேன்னு நீயே பயந்துகினியா?"

"ஆமா."

"நீயா? கோழி அறுத்தா தெருக்கோடிக்கு ஓடற ஆளு நீ!"

"நான்தான்."

"அதுக்கோசரந்தான் கத்திரிய ஒளிச்சியா?"

"ஆமா."

"தறி புடிக்கலன்னது?"

"பொய். எனக்குத் தறி ரொம்பப் புடிக்கும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "நீ படிக்கிறதுக்கோசரம் என்னைத் தள்ளிவுட்டுட்டேன்னு நெனச்சிகினு, தெனம் நாடா தள்ளும்போதெல்லாம் உன்ன எவ்ளோ திட்டிகிறேன் தெரியுமா? ஒரு சேலைக்கு எத்தினி தரம் தள்றமோ அத்தினி தரம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாலு வருஷத்துச் சிரிப்பு. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"லூசுண்ணா நீ. அன்னிக்கே அந்தக் கத்திரிய எங்கிட்ட குடுத்திருந்தா, நா என் பைல போட்டுகினு பள்ளிக்கூடம் போயிருப்பேன் இல்ல?"

நான் அங்கேயே, தெரு நடுவில், பாவின் மேல் குனிந்தபடி அழுதுவிட்டேன்.

"ஐயய்ய, ஜரிகை மேல கண்ணுத் தண்ணி பட்டா கறுத்துடும்" என்று கஸ்தூரி என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அவள் முகமும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "அந்தாண்ட போயி அழு."